குப்பை வண்டியும் உர மூட்டையும்

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து கடைவீதி சற்றே ஓய்ந்ததும், ஆவணி மாதத்தில் நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் வேறொரு போக்குவரத்து தொடங்கும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த எரு, வண்டியிலும் டிராக்டரிலும் புஞ்சைக்குப் போகும். சம்சாரிகள் இதைக் 'குப்பை அடிப்பது' என்பார்கள். புரட்டாசி பிறந்தால் அதே சம்சாரிகள் உர மூட்டை கேட்டு நமது கடைகளுக்கு வருவார்கள். வீட்டுக்கு வீடு மாடு குறைந்ததால் குப்பை வண்டி குறைந்து போனதையும், மூட்டை மட்டும் கூடி வந்ததையும் நம்மில் மூத்த வியாபாரிகள் கண்ணெதிரே பார்த்தவர்கள்.

புற்றுமண்ணையே பிரசாதமாகக் கொடுக்கும் ஊர் நமது ஊர். மண்ணின் அருமையை இங்கே எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 'குப்பை நல்லதா, மூட்டை நல்லதா?' என்ற விவாதம் கடைக்குக் கடை நடக்கிறது. மூட்டை உரம் நிலத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார் ஒருவர். குப்பையை நம்பினால் வீட்டுச் சோற்றுக்கே காணாது என்கிறார் மற்றவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வியாபாரிக்கு இதில் என்ன?

'விவசாயம் சம்சாரி பாடு, நமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?' என்று அன்பர்கள் கேட்கலாம். நமது பேரேட்டைப் புரட்டினாலே பதில் கிடைக்கும். மளிகைப் பற்றும், விதை, உரப் பற்றும் அறுப்புக்குப் பிறகே வரவாகின்றன. சோளமும் கம்பும் மக்காச்சோளமும் உளுந்தும் நமது கமிஷன் கடைகளுக்குத்தான் வருகின்றன. மணி திரளாமல் எடை குறைந்தால் சம்சாரிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு நமது நிலுவையாக நிற்கிறது. ஆகவே அவர் நிலத்தின் வளம் நமது முதலீட்டின் வளமும் ஆகும்.

மூட்டை வந்த கதை

மூட்டை உரம் நேற்று வந்த சரக்கு அல்ல. இங்கிலாந்தில் ஜான் லாஸ் என்பவர் 1842-ல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கக் காப்புரிமை பெற்று, அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் முதல் உர ஆலை நமது தமிழகத்தில்தான் அமைந்தது. பாரி கம்பெனியார் 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கினர். 1970-களில் மணலியிலும், நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடியிலும் பெரிய உர ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அதன்பின் யூரியா மூட்டை எட்டாத கிராமமே இல்லை.

எடைக் கணக்கு

வியாபாரிகளுக்குப் புரியும் விதமாக எடை போட்டே பார்ப்போம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நல்ல தொழு உரத்தில் இது சுமார் அரை சதவீதமே. அதாவது ஒரு டன் எருவில் 5 கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடுகட்ட 4 டன் எரு வேண்டும். அதிலும் எருவின் சத்து முழுவதும் முதல் வெள்ளாமைக்கே கிடைப்பதில்லை. மக்க மக்க, சிறுகச் சிறுகத்தான் வெளிப்படும். குளத்துப் பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவைப்படுகிறது. அதை எருவாலேயே கொடுப்பதென்றால் 10 டன்னுக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். அவ்வளவு எருவுக்கு எங்கே போவது?

எடையில் மூட்டை வென்றுவிட்டது என்று இத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. எரு தரும் வேறு சில வரவுகள் இந்தத் தராசில் ஏறவில்லை. எரு மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. பெய்த மழையைப் பிடித்து வைக்கிறது. மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது. வானம் பார்த்த மானாவாரிப் பூமியில், மழை தள்ளிப்போகும் பத்து நாளைப் பயிர் தாங்குமா தாங்காதா என்பதை இந்த வரவுதான் தீர்மானிக்கிறது.

நூறாண்டுச் சோதனைகள்

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. உரம் விற்ற அதே ஜான் லாஸ், ரோத்தம்ஸ்டெட் என்னுமிடத்தில் தம் பண்ணை வயலிலேயே 1843-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பாத்தியில் எரு, மற்றவற்றில் ரசாயன உரங்கள், ஒன்றில் எதுவுமே இல்லை என்று பிரித்துக் கோதுமை விதைத்தார். தாம் விற்கும் சரக்கைத் தாமே தராசில் ஏற்றிய அந்த வியாபாரியை நாம் பாராட்ட வேண்டும். அச்சோதனை இன்றும் நடந்து வருகிறது. முறையாகக் கலந்து இட்ட ரசாயன உரம் நெடுங்காலம் எருவுக்குச் சமமாகவே விளைச்சல் தந்தது. ஆனால் எரு இட்ட பாத்தியின் மண் பல மடங்கு செழித்தது. பிற்காலத்தில் உயர் விளைச்சல் ரகங்கள் வந்தபோது, எருவோடு தழைச்சத்து உரமும் பெற்ற பாத்திகளே முதலிடம் பிடித்தன.

கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிரந்தர எருச் சோதனை வயல் அமைக்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1972-ல் தொடங்கிய இன்னொரு நீண்ட காலச் சோதனையில், ஆண்டுதோறும் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் பயிரிடப்பட்டு வருகின்றன. இதில் தழைச்சத்து மட்டும் இட்ட பாத்திகள் பின்தங்கிவிட்டன. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளோடு தொழு உரமும் சேர்த்து இட்ட பாத்திகளில்தான் விளைச்சலும் மண் வளமும் மேலோங்கி நிற்கின்றன.

அது இறவைப் பூமி, நமது மானாவாரிக் கரிசலுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்குக் கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டியில் பதில் இருக்கிறது. 1901-ல் தொடங்கப்பட்ட அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1982 முதல் மானாவாரிக் கரிசலிலேயே நிரந்தர எருச் சோதனை நடத்தப்பட்டு வந்திருக்கிறது. தழைச்சத்தில் பாதியை எருவாகவும் பாதியை மூட்டை உரமாகவும் கொடுப்பதே அங்கும் நல்ல பலன் தந்திருக்கிறது.

ஒற்றைக் காலில் நின்றால்

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது.

இலங்கையில் 2021-ஆம் ஆண்டு ரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்தது. நாடு முழுவதும் இயற்கை உரத்துக்கு மாற வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அவ்வளவு இயற்கை உரம் அங்கே இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் சரக்கையும், தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகக் கூறி இலங்கை ஏற்க மறுத்தது. விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசி விலை ஏறி, அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு வெளியில் வாங்க நேர்ந்தது.

மறுபக்கச் சாட்சி நமது நாட்டிலேயே உண்டு. 25.8.1992 அன்று மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. மற்ற உரங்கள் விலையேற, யூரியா மலிவாக நின்றது. சம்சாரி எதை வாங்குவார்? 1991-92-ல் ஒரு கிலோ சாம்பல் சத்துக்கு 5.9 கிலோ தழைச்சத்து என்றிருந்த நாட்டு விகிதம், அடுத்த ஆண்டே 9.5 கிலோவாகத் தாவியது. 'வெள்ளை உப்பு' மட்டும் போதும் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. அதிகப்படியான யூரியாவால் பயிர் கரும்பச்சை கட்டும். கண்ணுக்கு அழகாக இருக்கும். பிறகு சாயும், பூச்சி விழும். அறுப்பில் தட்டை கூடும், மணி கூடாது. தட்டையை நமது கடையில் யார் எடை போடுவார்?

நமது பூமிக்கு ஏற்ற வழி

மானாவாரிச் சோளத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்கு 5 டன் தொழு உரம், 16 கிலோ தழைச்சத்து, 8 கிலோ மணிச்சத்து. நமது கடைக் கணக்கில் சொன்னால் 35 கிலோ யூரியாவும், 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டையும். மானாவாரிக் கம்புக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

5 டன் எரு கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏக்கருக்கு 300 கிலோ பொடித்த தொழு உரத்துடன் அந்த ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, குவித்து, மேலே மண் பூசி மூடி ஒரு மாதம் வைத்திருந்து விதைப்பின்போது இட வேண்டும். இதற்கு ஊட்டமேற்றிய தொழு உரம் என்று பெயர். நமது கரிசலில் சுண்ணாம்பு அதிகம். நேராக இடும் மணிச்சத்தை அது பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. எருவோடு ஊறிய மணிச்சத்து அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை.

எருவைச் சேர்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். வெயிலில் குவித்த குப்பையில் தழைச்சத்து காற்றோடு போய்விடும். குழியில் போட்டு மண் மூடினால் சத்து தங்கும். காய்ந்த கரிசல் மேல் யூரியாவை விசிறினாலும் இதே நஷ்டம்தான். ஈரத்தில், மண்ணுக்குள் விழ வேண்டும். ஆட்டுக்கிடை போடுவதும், கோடையில் குளத்துக் கரம்பையை அடிப்பதும் நமது முன்னோர் வழி. குளத்து வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு 2017-ல் வழி செய்தது. வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியா மெதுவாகக் கரைந்து பயிருக்கு நின்று உதவும் என்பது பழைய அனுபவம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது.

கடை மேசையில் நமது பங்கு

இதில் நமது தவறையும் ஒப்புக்கொள்வதே முறை. 'யூரியா வேண்டுமானால் இதையும் சேர்த்து எடு' என்று தேவையில்லாத சரக்கைத் தலையில் கட்டுவது சில இடங்களில் நடந்திருக்கிறது. அன்றைய லாபம் அன்றோடு போகும். இழந்த நம்பிக்கை திரும்பாது. 2006 முதல் மண்புழு உரம், நகரக் கழிவு உரம் முதலியனவும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. 'இயற்கை உரம்' என்று அச்சிட்ட மூட்டையெல்லாம் நல்ல சரக்கு ஆகிவிடாது. அதையும் பில்லோடும் தரச் சான்றோடும் வாங்கி விற்பதே நமக்குப் பாதுகாப்பு.

சம்சாரி மூட்டை கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேட்போம். 'என்ன பயிர்? எத்தனை ஏக்கர்? இந்த ஆண்டு குப்பை அடித்தாயிற்றா?' மண் பரிசோதனை அட்டை வைத்திருந்தால் அதைப் பார்த்தே பில் எழுதுவோம். குப்பை அடிக்கவில்லை என்றால் ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டை ஆவணியிலேயே கொடுத்து, எருவில் கலக்கும் முறையையும் சொல்லி அனுப்புவோம். மூன்று மூட்டை யூரியா விற்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விற்கும் என்றால் விற்கட்டும். அறுப்புக்குப் பின் அவர் கொண்டுவரும் தானிய மூட்டையில் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

குப்பை நிலத்துக்கு முதல். மூட்டை அந்த ஆண்டுப் புழக்கத்துக்கான கைப்பணம். முதலில்லாமல் கைப்பணத்தை மட்டும் சுழற்றினால் கடை எத்தனை நாள் நடக்கும் என்பது நமக்குத் தெரியும். கைப்பணமே இல்லாமல் முதலை மட்டும் பூட்டி வைத்தாலும் வியாபாரம் ஓடாது. நாமறிந்த இந்தக் கணக்கைக் கடைக்கு வரும் சம்சாரிக்கும் சொல்லிக் கொடுப்போமாக.