கால் நகச் சொத்தையும் அதற்குரிய சிகிச்சையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் அங்கத்தினர்களின் கால்கள் படும் துன்பம் யாவரும் அறிந்ததே. குழித்தறி நெசவாளர் ஈரம் கசியும் தறிக்குழிக்குள் வெறுங்காலை வைத்து நாள் முழுதும் மிதிக்கிறார். நெல் பயிரிடுவோர் சேற்றிலும், கீரையும் பூவும் பயிரிடுவோர் நீர் பாயும் பாத்திகளிலும் நிற்கின்றனர். அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளோ வியர்வையில் ஊறிய காலுறையோடு கனத்த பூட்சுக்குள் காலை அடைத்து வைத்திருக்கின்றனர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையின் மேற்குப் பகுதிகளில் வெள்ளம் தேங்கி நின்றபோது, முழங்கால் நீரில் நடந்து வேலைக்குப் போனவர்கள் நம்மில் பலர்.

இவ்வாறு ஓயாமல் நனையும் கால்களில் வரும் நோய்களுள் ஒன்று நகச் சொத்தை. கால் பெருவிரல் நகம் மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் அடைந்து, தடித்து, நுனியில் பொடிப்பொடியாக உதிரும். வலி இல்லாமையால் இதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துவோரும் மருந்துக் கடையில் ஏதேனும் ஒரு களிம்பை வாங்கித் தடவி, இரண்டு மாதத்தில் குணம் காணாமல் சலித்துக் கைவிடுகின்றனர். பணமும் போய், நோயும் நிற்கிறது. சர்க்கரை நோயாளருக்கு இதனால் விரலுக்கே மோசம் வருவதும் உண்டு. ஆகவே இந்நோய்க்கு இன்று உள்ள சிகிச்சைகள் யாவை, அவற்றை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இங்கு விளக்கக் கருதுகிறோம்.

நோயின் தன்மை

நகம், முடி, மேல்தோல் ஆகிய மூன்றும் கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. அப்பொருளையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணிய பூஞ்சைகள் உண்டு. உடலில் படர்தாமரையையும், கால்விரல் இடுக்கில் அரிப்பும் வெடிப்புமாக வரும் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் பூஞ்சைகளே பெரும்பாலும் நகத்திலும் குடியேறுகின்றன. அவற்றுள் முதன்மையானது டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்பது. சேற்றுப்புண் நெடுநாள் ஆறாது கிடந்தால், அது மெல்ல நகத்தின் அடிப்புறம் புகும். கல்லில் இடித்தோ, இறுக்கமான பூட்சு அழுத்தியோ அடிபட்ட நகம் அதற்கு எளிதில் வழிவிடும்.

சாயத் தொட்டியில் கை நனைப்போருக்கும், இடையறாது பாத்திரம் துலக்கும் பெண்டிருக்கும் கைநகத்தில் வருவது பெரும்பாலும் காண்டிடா என்னும் வேறு வகை. நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் கோக்கும் நகச்சுத்தியும் வேறு நோயே. அதற்கு விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளும் நம் வழக்கம் நகச் சொத்தைக்குச் சிறிதும் பயன்படாது.

முதலில் சோதனை

நிறம் மாறித் தடித்த நகங்கள் எல்லாம் பூஞ்சையால் கெட்டவை என்று எண்ணிவிடலாகாது. அவற்றுள் ஏறக்குறையப் பாதியே பூஞ்சையால் விளைந்தவை என்பது தோல் மருத்துவர்களின் அனுபவம். சோரியாசிஸ் என்னும் தோல் நோயாலும், பழைய காயத்தாலும், முதுமையாலும் நகம் அவ்வாறே தோற்றமளிக்கும். அத்தகையோர் மூன்று மாதம் பூஞ்சைக்கொல்லி மாத்திரை விழுங்கினால் பயன் இராது. மாத்திரையின் கெடுதல் மட்டும் மிஞ்சும்.

ஆதலால் சிகிச்சைக்கு முன் சோதனை இன்றியமையாதது. மருத்துவர் நகத்தைத் தூய்மை செய்து, அதன் அடியில் உள்ள பொடியைச் சுரண்டி எடுப்பார். அதனைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு மைக்ராஸ்கோப்பில் நோக்கினால் பூஞ்சையின் இழைகள் தென்படும். எந்தப் பூஞ்சை என்று துணிய அப்பொடியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு வளர்ப்பர். அதன் முடிவு வர நான்கு வாரமும் ஆகலாம். சோதனைக்குச் செல்வோர் மருதாணியோ நகப்பூச்சோ இட்டுச் செல்லுதல் கூடாது. முன்பே ஏதேனும் மருந்து தடவியிருந்தால் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தின் எச்சம் இருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லாதது போல் முடிவு வரக்கூடும். நகத்தில் கரிய கோடு ஒன்று தோன்றி அகன்றுகொண்டே வந்தால், அது பூஞ்சைதான் என்று இராமல் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அரிதாக அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கும்.

மேல்நாடுகளில் பாதத்துக்கென்றே தனி மருத்துவர்கள் உளர். நம் நாட்டில் அப்பணியைத் தோல் மருத்துவர்களும், சர்க்கரை நோய் மருத்துவமனைகளின் பாதப் பிரிவினரும் செய்து வருகின்றனர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். அங்கிருந்து அனுப்பினால், ஆவடி மார்க்கத்தில் இருப்போர் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. பூந்தமல்லி பக்கத்தார்க்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு.

மாத்திரைகள்

1958-ஆம் ஆண்டு வரை நகச் சொத்தைக்கு உள்ளே கொடுக்கத்தக்க நல்ல மருந்து இருந்ததில்லை. அவ்வாண்டில் கிரிசியோபல்வின் என்னும் மருந்து மனிதர்க்குக் கொடுக்கப்பட்டுப் பலன் கண்டது. ஆயினும் கால் நகத்துக்கு அதனை ஓராண்டுக்கு மேலும் உண்ண வேண்டியிருந்தது. அப்போதும் பலருக்குக் குணமாகவில்லை. பின்னர் வந்த டெர்பினாபின் இந்நிலையை மாற்றியது.

டெர்பினாபின் 250 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் நாள்தோறும் ஒன்று வீதம், கால் நகத்துக்கு 12 வாரமும் கை நகத்துக்கு 6 வாரமும் உண்பது வழக்கமான முறை. இரண்டாவது மருந்து இட்ராகோனசோல். இதனை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வேளைக்கு 200 மில்லிகிராமாக நாளுக்கு இருவேளை உண்டு, மற்ற மூன்று வாரம் நிறுத்தி, இவ்வாறு மூன்று மாதம் செய்வர். ஐரோப்பிய நாடுகளில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நடத்தி, 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 12 வாரம் டெர்பினாபின் உண்டோரில் நூற்றுக்கு 76 பேருக்கும், மூன்று மாதம் இட்ராகோனசோல் உண்டோரில் நூற்றுக்கு 38 பேருக்கும் பூஞ்சை நீங்கியிருந்தது. நகம் முற்றிலும் பழைய அழகைப் பெற்றோர் தொகை இதனினும் குறைவு. வாரத்துக்கு ஒரு முறை புளூகோனசோல் கொடுப்பதும் உண்டு. ஆனால் அதனைப் பல மாதங்கள் தொடர வேண்டும்.

இம்மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது. டெர்பினாபின் சிலருக்கு ஈரலைத் தாக்கும். ஆகவே முன்னதாக இரத்தச் சோதனை செய்வர். உண்ணும் காலத்தில் கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கருத்தாலும், பசி அற்றுப்போனாலும் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். நாவின் சுவை சில காலம் மறைவதும் உண்டு. இட்ராகோனசோல் இதயப் பலவீனம் உடையோருக்கு ஆகாது. கொழுப்புக்கு உண்ணும் சில மாத்திரைகளோடும் ஒத்துவராது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இச்சிகிச்சையைத் தள்ளிவைப்பதே முறை.

பூச்சு மருந்தும் பிறவும்

நோய் நகத்தின் நுனியளவில் நின்றுவிட்டால், அல்லது மாத்திரை ஆகாதவர்க்கு, நகத்தின் மேல் பூசும் மருந்து உண்டு. அமரோல்பின் 5 சதவீதப் பூச்சை நகத்தை அராவிய பின் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையும், சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சை நாள்தோறும் இட வேண்டும். கால் நகத்துக்கு ஓராண்டு அளவும் இதனைத் தொடர வேண்டும். தனியே பூச்சு மட்டும் கொண்டு குணமடைவோர் சிலரே; மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் பலன் மிகும்.

மிகத் தடித்த நகத்தை 40 சதவீத யூரியா களிம்பால் மென்மையாக்கி மருத்துவர் நீக்குவதும் உண்டு. வலியின்றித் தடிப்பைக் குறைப்பதால் நடப்பதற்கு இதம் தரும். லேசர் ஒளிச் சிகிச்சை செலவு மிக்கது. அதன் பலன் இன்னும் ஐயத்துக்கு இடமானதே. விளம்பரத்தைக் கண்டு கடன் வாங்கி அதற்குச் செல்ல வேண்டியதில்லை.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் தோலுக்குத் தீங்கற்றவையாகப் பெரும்பாலோர்க்கு இருக்கலாம். ஆனால் தடித்த நகத்தின் அடியில் உள்ள பூஞ்சையை அவை எட்டமாட்டா. மருதாணி நிறத்தை மறைக்கும், அவ்வளவே. மண்ணெண்ணெயும் அமிலமும் தோலை வேகச் செய்துவிடும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

பொறுமையே பாதி மருந்து

கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரே வளர்கிறது. பெருவிரல் நகம் முழுதும் புதிதாக முளைத்து வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். கெட்டுப்போன நகம் மருந்தால் திரும்ப நல்லதாவதில்லை. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து வந்து கெட்டதை முன்னே தள்ளுகிறது. நாம் அதனை வெட்டி எறிகிறோம். மருந்து நகத்தில் தங்கி, மாத்திரை நின்ற பின்னும் சில மாதங்கள் வேலை செய்கிறது. ஆகவே 84 மாத்திரையும் உண்டு முடித்த அன்று நகம் ஏறக்குறையப் பழையபடியே தோன்றினால் மருந்து பொய்த்துவிட்டது என்று கருதலாகாது. நகத்தின் அடிப்பகுதியில் தெளிந்த புதுநகம் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்து வைத்து ஒப்பிட்டால் ஐயம் நீங்கும். நெய்வோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? பாவின் நடுவில் கறை பட்டால் அதனைத் துடைத்து நீக்க முடியாது. நெய்து நெய்து அப்பகுதியைக் கடந்த பிறகே நல்ல துணி வருகிறது.

கடைக் களிம்பின் கேடு

படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் கலப்புக் களிம்புகள் பல உள. அவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை ஓரிரு நாளில் அடக்கிவிடும். பூஞ்சையோ அதன் மறைவில் செழித்துப் படரும். நம் நாட்டில் கடந்த பத்தாண்டுகளில் எளிதில் அடங்காத படர்தாமரை பெருகியதற்கு இக்களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். டெர்பினாபினுக்கும் அடங்காத ஒருவகைப் பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து அறிஞர் பெயரிட்டனர். இது பெரும்பாலும் உடல் தோலில் வருவது. ஆயினும் ஒரே வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரையும் மற்றொருவருக்கு நகச் சொத்தையும் இருந்தால், இருவருக்கும் ஒருங்கே முறையான சிகிச்சை வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு விதி செய்தது. அவ்விதியைக் கடைக்காரர் மறந்தாலும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

சர்க்கரை நோயுடையோர் கவனத்திற்கு

இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குன்றும். தடித்த நகம் விரலில் அழுந்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. வெடிப்பின் வழியே வேறு கிருமிகள் புகுந்து கால் வீங்கிச் சீழ் பிடித்த பின்னரே நோயாளி அறிகிறார். விரலை எடுக்க நேர்வதும் இவ்வாறே. ஆகவே இவர்கள் நாள்தோறும் இரவில் விளக்கொளியில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். கண்பார்வை குன்றியோர்க்கு வீட்டார் பார்த்து உதவ வேண்டும். தடித்த நகத்தைத் தாமே பிளேடால் சீவுதல் கூடாது. 1954-இல் பேராசிரியர் மா. விசுவநாதன் இராயபுரத்தில் நிறுவிய சர்க்கரை நோய் மருத்துவமனை பாதப் பராமரிப்புக்குப் பெயர் பெற்றது. உணர்ச்சி குன்றிய கால்களுக்கு ஏற்ற, எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் இத்தகைய மருத்துவமனைகளில் கிடைக்கும்.

நாமும் சங்கமும் செய்யத் தக்கவை

வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துக. சேற்றுப்புண் தோன்றிய உடனே சிகிச்சை செய்துகொள்க. நகத்துக்குச் செல்லும் வழி அதனால் அடைபடும். நகத்தை நேராக வெட்டுக. நகவெட்டியையும் செருப்பையும் பிறரோடு பகிர்தல் ஆகாது. காலுறையை நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துக. பூட்சு இரண்டு சோடி இருந்தால் மாற்றி மாற்றி அணிக. குணமான பின்னும் பழைய பூட்சிலிருந்து நோய் திரும்ப வருவது உண்டு.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. தறிக்குழியில் நீர் கசிந்தால் அடியில் பலகையிட்டு உலர்வாக வைக்க உதவலாம். மகாசபைக் கூட்டத்தன்று தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து அங்கத்தினர் கால்களைப் பார்க்கச் செய்யலாம். 2025 பிப்ரவரி 24-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தகம் நடத்த இடம் பெற்றன. மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைத்தால், 84 மாத்திரையையும் நடுவில் நிறுத்தாமல் உண்டு முடிக்க ஏழை அங்கத்தினருக்கும் இயலும்.

நெசவாளர்க்கும் உழவர்க்கும் கால்களே முதற் கருவி. தறியின் ஒரு பாகம் பழுதானால் அன்றே செப்பனிடுகிறோம். ஏர் பழுதானால் விதைப்புக்கு முன் சரி செய்கிறோம். அத்தகைய அக்கறையைக் கால்களுக்கும் காட்ட வேண்டும் என்று அங்கத்தினர் யாவரையும் வேண்டிக்கொள்கிறோம். இம்மழைக்காலத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டாரின் கால் நகங்களை ஒரு முறை நோக்குவாராக. மாறுதல் கண்டால் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்வாராக.