பச்சோந்தி மருந்து

விழுங்கிய மருந்து ரத்தத்தில் சேர, குடல் செல்களின் கொழுப்புச் சவ்வைத் தாண்டியாக வேண்டும். மூலக்கூறு எடை 500-க்கு மேலே போனால் பெரும்பாலும் சிரமம்தான் என்று 1997-இல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி குழுவினர் சொன்னார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினின் எடையோ சுமார் 1,200. அது மட்டும் எப்படி நுழைகிறது?

இதை அறிய, ஆராய்ச்சியாளர்கள் சவ்வு, தண்ணீர், மருந்து மூன்றையும் கணினியில் அணு அணுவாக அமைத்து, ஒரு வினாடியைக் கோடி கோடியாக நறுக்கி, ஒவ்வொரு அசைவையும் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீரில் விரிந்திருக்கும் இந்த மூலக்கூறு, கொழுப்புக்குள் போகும்போது தண்ணீரை நாடும் பகுதிகளை உள்ளே மடக்கிக்கொள்கிறது! அவர்கள் வைத்த பெயர் பச்சோந்தி, பொருத்தமான பெயர்தான்.

கணினியில் ஒரு மருந்து தேறிவிட்டதென்றாலும் விடமாட்டார்கள். கேக்கோ-2 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் குடல் செல்களின் மேல் மருந்தை ஊற்றி, மறுபக்கம் எவ்வளவு வருகிறதென்று அளந்துவிடுவார்கள்.