3,669-க்கும் 5,495-க்கும் நடுவே

மைக்கா ஜான்சன் அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடியவர். ஆட்டத்தை விட்டு ஓவியத்துக்கு வந்தார். விண்வெளி வீரர்கள் கறுப்பர்களாக இருக்கலாமா என்று ஒரு சிறுவன் தன் அம்மாவிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவன்தான் ‘அக்கு’, பெரிய தலைக்கவசம் மாட்டிய கறுப்பினச் சிறுவன். டிஜிட்டல் படங்களுக்கு உரிமை பதியும் என்.எஃப்.டி. சந்தை கொதித்துக்கொண்டிருந்த 2021-இல் அவன் நன்றாகவே விலைபோனான். அடுத்து, ‘அக்குட்டார்ஸ்’ என்ற பெயரில் 15,000 உருவங்கள் கொண்ட தொகுப்பைத் தயாரித்து, 2022 ஏப்ரல் 22 அன்று ஏலத்தைத் தொடங்கியது ஜான்சனின் குழு.

ஏலம் முடிந்து, திருப்பித் தர வேண்டியதையும் தந்தபின் ஏலத்தை நடத்திய ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலில் 11,539 ஈத்தர் தங்கியிருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 3.4 கோடி டாலர். அதை யாரும் திருடவில்லை. எத்தீரியம் பிளாக்செயினைத் திறந்து யார் வேண்டுமானாலும் அந்த இருப்பைப் பார்க்கலாம். எடுக்கத்தான் முடியாது. ஜான்சனாலும் முடியாது, அந்தக் கான்ட்ராக்ட்டை எழுதியவராலும் முடியாது.

என்.எஃப்.டி. என்றதும் நாம் படத்தையும் விலையையும்தான் பேசினோம். 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற ஓவியரின் படத்தொகுப்பு 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கிய விக்னேஷ் சுந்தரேசன் தமிழர் என்று தெரிந்ததும் இங்கே பேச்சு இன்னும் சூடுபிடித்தது. ஒரு ஜேபெக் கோப்புக்கு இத்தனை விலையா என்று வாய்பிளந்தவர்களில் எத்தனை பேர் அதன் பின்னால் இருக்கும் கோட் என்ன என்று விசாரித்திருப்பார்கள்? ஆனால் என்.எஃப்.டி. செய்வது என்றால் அந்தக் கோடை எழுதுவதுதான். படம் பெரும்பாலும் பிளாக்செயினுக்குள் இருப்பதே கிடையாது.

சாலிடிட்டி என்ற மொழியில் எழுதப்படும் அந்தக் கான்ட்ராக்ட் அடிப்படையில் ஒரு பேரேடு. இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த வாலட் முகவரிக்குச் சொந்தம் என்று வரிவரியாகப் பதிந்துவைக்கும். உரிமையாளர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும், அவர் சம்மதித்தால் இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், படம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு முகவரி தர வேண்டும். இவற்றுக்கான பொது விதிகள் 2018-இல் இ.ஆர்.சி-721 என்ற தரமாக உறுதிப்பட்டன. அந்தப் பட முகவரி எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் காட்டினால் நிறுவனத்தின் ஆயுள்தான் படத்தின் ஆயுள். எஃப்.டி.எக்ஸ் பரிவர்த்தனைத் தளம் 2022-இல் திவாலான பிறகு, அங்கே மின்ட் செய்யப்பட்ட, அதாவது உருவாக்கப்பட்ட, பல டோக்கன்களுக்குப் படமே தெரியாமல் போனது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஐ.பி.எஃப்.எஸ். போன்ற பரவல் சேமிப்பில் படத்தை ஏற்றி, அந்த முகவரியைக் கொடுக்கிறார்கள்.

பேரேட்டுப் பகுதியை எழுதுவது கடினமே இல்லை. ஓப்பன்செப்பலின் என்ற இலவச நூலகத்தில் பலரும் சோதித்துப் பார்த்த கோட் இருக்கிறது. அதன் மேல் நாம் எழுத வேண்டியது சில பத்து வரிகள். சிக்கல் விற்பனையில் வருகிறது. அங்கே ஒவ்வொரு குழுவும் தன் சொந்தக் கணக்கை எழுத ஆரம்பிக்கிறது.

அக்குட்டார்ஸ் நடத்தியது டச்சு ஏலம். 3.5 ஈத்தரில் தொடங்கி விலை படிப்படியாக இறங்கும். முன்னால் வந்தவர் கூடுதல் விலை கொடுத்திருந்தாலும், கடைசியில் விலை எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லோருக்கும். மிச்சம் திரும்பி வந்துவிடும். விலை 2.1 ஈத்தரில் நின்றது. இதில் குழு தன் மேலேயே ஒரு விலங்கைப் பூட்டிக்கொண்டது: எல்லோருக்கும் மிச்சத்தைத் திருப்பித் தந்த பிறகுதான் தங்கள் வருமானத்தில் கைவைக்க முடியும். பணத்தை வாங்கிக்கொண்டு குழுவே தலைமறைவாவது சகஜமாக இருந்த காலத்தில் இது நாணயமான ஏற்பாடு. இந்த நாணயம்தான் பிறகு அவர்கள் கழுத்தை இறுக்கியது.

முதல் கோளாறு பணத்தைத் திருப்பித் தரும் வரிசையில் இருந்தது. கான்ட்ராக்ட் ஒவ்வொருவராகப் பணம் அனுப்பிக்கொண்டே போகும், ஒருவருக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஏலம் கேட்பவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இன்னொரு கான்ட்ராக்ட்டும் கேட்கலாம். வருகிற பணத்தை ஏற்க மறுக்கும்படி அதை எழுதவும் செய்யலாம். ஒருவர் அதையே செய்தார். மொத்த வரிசையும் நின்றது. திருடும் எண்ணம் தனக்கு இல்லை, இப்படி ஒரு ஓட்டை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் உடனே விலகிக்கொள்கிறேன் என்று பிளாக்செயினிலேயே ஒரு செய்தியும் எழுதிவைத்தார். குழு ஒப்புக்கொண்டது, அவரும் சொன்னபடி விலகினார். பணத்தைக் கொண்டுபோய்த் திணிக்காதே, உரியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது சாலிடிட்டி எழுதுகிறவர்கள் நடுவே அப்போதே பழைய பாடம்.

வரிசை நகர்ந்து, எல்லோருக்கும் மிச்சம் போய்ச் சேர்ந்தது. குழு பணத்தை எடுக்கப் போனது. கான்ட்ராக்ட் மறுத்துவிட்டது.

காரணம் ஒற்றை நிபந்தனை: மிச்சம் திருப்பித் தந்த எண்ணிக்கை, மொத்த ஏல எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். படித்தால் சரியாகத்தான் படுகிறது. ஆனால் முதல் எண்ணிக்கை ஆட்களை எண்ணியது, இரண்டாவது டோக்கன்களை எண்ணியது. கல்யாண வீட்டு வாசலில் ஒருவர் வந்த குடும்பங்களை எண்ணுகிறார், பந்தியில் இன்னொருவர் போட்ட இலைகளை எண்ணுகிறார், இரண்டும் சரிசமமானால்தான் சமையற்காரருக்குக் கூலி என்றால் எப்படி? ஒரே ஆள் இரண்டு மூன்று டோக்கன்கள் வாங்கியிருந்ததால் ஆட்கள் 3,669-இல் நின்றார்கள், டோக்கன்கள் 5,495 ஆகிவிட்டன. ஏலம் மூடியாயிற்று, இனி புதிதாக ஆள் சேர வழியில்லை. 3,669 ஒருபோதும் 5,495-ஐத் தொடாது.

ஒரே வாலட் இரண்டு டோக்கன் வாங்குகிறது என்று ஒரு சோதனையை டெஸ்ட்நெட் என்ற ஒத்திகைச் சங்கிலியில் கடைசி வரை ஓட்டியிருந்தால் போதும், இது வெளிப்பட்டிருக்கும். சாதாரண இணையதளமாக இருந்தால் மறுநாள் காலை ஒரு வரியைத் திருத்திப் பிழைத்துக்கொள்ளலாம். டிப்ளாய் செய்த கான்ட்ராக்ட்டை, முன்கூட்டியே வழி வைத்திருந்தால் ஒழிய, திருத்த முடியாது.

இந்தத் துறையின் பிள்ளையார் சுழியிலேயே இப்படி ஒரு பிழை உண்டு. லார்வா லேப்ஸ் 2017 ஜூனில் வெளியிட்ட 10,000 ‘கிரிப்டோபங்க்ஸ்’ உருவங்களின் முதல் கான்ட்ராக்ட்டில், விற்ற பணம் விற்றவர் கணக்குக்குப் போகாமல் வாங்கியவர் கணக்கிலேயே வரவானது. பொருளும் அவருக்கு, பணமும் அவருக்கு. அந்த உருவங்களை இலவசமாகத்தான் கொடுத்திருந்தார்கள், அதனால் சேதம் பெரிதாகவில்லை. வேறு கான்ட்ராக்ட் எழுதிப் புதிதாக வழங்கிவிட்டார்கள். கைவிடப்பட்ட முதல் பதிப்பும் அழியவில்லை. பிற்பாடு அதற்கும் உறை போல இன்னொரு கான்ட்ராக்ட்டைப் போட்டு ஆட்கள் வாங்கி விற்றார்கள் என்பது இந்தச் சந்தையின் குணத்தைக் காட்டும்.

பிளாக்செயினில் எழுதியதை மாற்றவே முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. 2016-இல் ‘தி டாவோ’ என்ற நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை ஒருவர் உறிஞ்சியபோது எத்தீரியம் சமூகம் சங்கிலியையே இரண்டாகப் பிளந்து பணத்தை மீட்டது. மறுத்தவர்கள் பழைய சங்கிலியில் எத்தீரியம் கிளாசிக் என்று தங்கிவிட்டார்கள். 2017 நவம்பரில் பேரிட்டி வாலட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர், அக்குட்டார்ஸ் பணம் போலவே, யாரும் எடுக்க முடியாமல் உறைந்தது. அதை மீட்கவும் ஒரு திட்டம் முன்வைத்தார்கள், எடுபடவில்லை. ஆக, ‘கோடே சட்டம்’ என்பது பாதிக்கப்பட்டவர் யார், தொகை எவ்வளவு என்பதைப் பொறுத்த சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஓவியரின் 3.4 கோடி டாலருக்காக யாரும் சங்கிலியைப் பிளக்கப்போவதில்லை.

பின்னால் திருத்த வசதியாக, பிராக்ஸி முறையில் கான்ட்ராக்ட் எழுதுவது உண்டு. முன்னால் ஒரு முகவரி நிலையாக நிற்கும், அதன் பின்னால் இருக்கும் கோடை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் சாவி யார் கையில் என்ற கேள்வி உடனே எழும். சாவி வைத்திருப்பவர் பிழையைத் திருத்துவது போலவே விதியையும் திருத்தலாம். வாங்குகிறவர்கள் இதற்குப் பயப்படுவது நியாயம்தான். என்னைக் கேட்டால், நான் பேரேட்டில் அந்தச் சாவியை வைக்க மாட்டேன். விற்பனையைத் தனிக் கான்ட்ராக்ட்டாகப் பிரித்து, அதில் மட்டும் பணத்தை வெளியே எடுக்க இரண்டாவது வழி ஒன்று வைப்பேன், குறிப்பிட்ட நாள் கழிந்தால் எந்த எண்ணிக்கையையும் பார்க்காமல் திறக்கும்படி. பணத்தைத் திரும்பப் பெற வேண்டியவர்களுக்கும் அதற்குள் போதுமான அவகாசம் இருக்கும்.

அக்குட்டார்ஸ் குழு விற்பனையையும் பேரேட்டையும் தனித்தனிக் கான்ட்ராக்ட்டாகத்தான் எழுதியிருந்தது. அதனால் ஏலப் பணம் சிக்கிய பிறகும், வாங்கியவர்களுக்கு அவரவர் அக்கு வந்து சேர்ந்தான்.