கள்ளுக்கும் ஒரு மதிப்பெண் அட்டை

பேல் ஏல் வகை பீரை எடைபோட அமெரிக்காவின் பீர் நடுவர் சான்றிதழ் திட்டத்தில் 50 மதிப்பெண் அட்டை உண்டு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடித்த தென்னங்கள்ளை இதே அட்டையில் நிறுத்தலாமா? தாராளமாக நிறுத்தலாம், ஒரு கட்டத்தை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஏலைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இனமே கள்ளிலும் முக்கிய வேலை செய்கிறது. ஏலுக்குப் பழவாசனை தரும் எஸ்டர்கள் கள்ளிலும் பிறக்கின்றன. ஆனால் பீர் காய்ச்சுபவர் மால்ட் சாற்றைக் கொதிக்கவைத்துக் கிருமிகளை அழித்து, தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை இடுகிறார். ஹாப்ஸின் கசப்பும் புளிப்புப் பாக்டீரியாக்களை அடக்கிவைக்கிறது. கள்ளுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நாள்தோறும் சீவும்போது சொட்டுவது ஏறக்குறைய நடுநிலையான இனிப்பு நீர். கலயத்தில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் காற்றில் வருவதும் பூச்சி கொண்டுவருவதும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். முதலில் இனிப்பு, பிறகு லாக்டிக் புளிப்பு, கூடவே நுரையும் சாராயமும், கடைசியில் காடி. எனவே கள்ளின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நேரம்தான்; புதிய கட்டம் அதற்கே. எப்போது இறக்கியது என்று கேட்காமல் போடும் மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன்.

புளித்தாலே கெட்டதுதானே என்பார்கள். அப்படியல்ல. நாக்கின் ஓரத்தில் மெல்லத் தங்கும் லாக்டிக் புளிப்பு கள்ளின் இயல்பு. மூக்கைக் குத்தும் அசெட்டிக் நெடிதான் குறை. பாலைப்போன்ற கலங்கலும் குறையல்ல, மிதக்கும் நுண்ணுயிர்கள் தருவது அது. தண்ணீர் கலந்த கள் நாக்கில் வெறுமையாக நழுவும், கனத்துக்கான கட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கூலிக்காரரின் சம்பளத்தைத் தின்ற பானத்துக்கு ரசனை எதற்கு? 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அதன் நியாயம் அழியாதது. ஆனால் என் பார்வையில் அந்த மறியலின் குறி, தோட்டத்து வாசலிலேயே கடை வைத்துக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாடு. சுவையறிதல் அதற்கு வக்காலத்து அல்ல, குடிக்கச் சொல்வதும் அல்ல. சுவையறிதலுக்கு எல்லையும் உண்டு: மெத்தனால் கலந்திருந்தால் எவ்வளவு தேர்ந்த நாக்கும் அதைச் சாராயத்திலிருந்து பிரித்தறியாது. அந்த வேலையை ஆய்வுக்கூடத்திடம் விடவேண்டும்.