படம் பார்த்துச் சொன்ன கதை

மனோதத்துவப் பரீட்சை என்றாலே உள்ளத்தின் நோயைத் துருவிக் காண்பது என்று எண்ணுவது இயல்பேயாயினும், மனிதனுடைய நற்குணங்களையும் அவ்வழியே அளந்தறிய முயன்ற அறிஞர்கள் உண்டு. 1935-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் வெளியிட்ட முறைப்படி, பொருள் இன்னதென்று திட்டமாகப் புலப்படாத ஒரு சித்திரத்தைக் காட்டி (வயலினை முன்னே வைத்துக்கொண்டு சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் சிறுவனின் படம் அவற்றுள் ஒன்று) அதைக் குறித்து ஒரு கதை சொல்லச் சொல்வார்கள்; சொல்பவர் தம்மையறியாமலே தம் ஆசைகளையும் அச்சங்களையும் அக்கதையில் வெளியிட்டுவிடுவார் என்பது அவர்களுடைய கொள்கை. பின்னாளில் டேவிட் மெக்லிலண்ட் இம்முறையைத் தழுவி, கதாபாத்திரம் தன் காரியத்தைச் செவ்வனே செய்ய விழைகிறதா, இடையூறு நேர்ந்தால் என்ன பிரயத்தனம் செய்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து, சாதனை வேட்கை என்னும் குணத்துக்கு மதிப்பெண் இட்டார். ஒரே மனிதர் மறுமுறை வேறுவிதமான கதை சொல்லக்கூடும் என்ற ஆட்சேபம் வலுவானதே; ஆயினும் தம்மைத் தாமே ஊக்கமுள்ளவர் என்று வினாத்தாளில் குறித்துக் கொள்வதைவிட இது நம்பத்தக்க சாட்சியம் என்றே தோன்றுகிறது. 1964-இல் ஆந்திரத்துக் காக்கிநாடா நகரின் வியாபாரிகளுக்கு மெக்லிலண்ட் குழுவினரின் திட்டப்படி அளிக்கப்பட்ட பயிற்சியில், அவர்கள் தம் கதைகளைத் தாமே மதிப்பிடவும் சாதனை வேட்கை ததும்பும் கதைகளைப் புனையவும் பழகி, பின்னர் தொழிலை விரிவாக்குவதில் முன்னிலும் முனைப்பாக ஈடுபட்டனர்.