நெறி கட்டினால் காசநோய்தானா?

திருமலையில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. கல்யாணகட்டாவில் முடி கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வரும் கூட்டத்தில் கீமோவில் முடி கொட்டியவர்களும் கலந்து நடக்கிறார்கள். சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் போனாலும் 'திருப்பதி மொட்டை' என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். தன் நோயை ஊரிடமிருந்து மறைப்பது நோயாளியின் உரிமை. ஆனால் அந்த நோய் நோயாளிக்கே தெரியாமல் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறதே, கவலை அதுதான்.

லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத கட்டியாகத் தலைகாட்டும். 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள் வீட்டில். அப்புறம் விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரியில் படுக்கை நனைகிற வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது என்று ஒவ்வொன்றாக வரும். இதில் எதைச் சொன்னாலும் அது காசநோய்க்கும் பொருந்தும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அதனால் கழுத்துக் கட்டியைப் பார்த்ததும் டிபி என்று நினைப்பதில் தவறில்லை. நிரூபிக்காமல் மாத்திரையைத் தொடங்குவதுதான் தவறு.

டிபி மாத்திரை 6 மாதம். இரண்டு மாதம் போட்டும் கட்டி கரையாவிட்டால், 'சிலருக்கு முதலில் பெருத்துவிட்டுத்தான் குறையும்' என்று சமாதானம் கிடைக்கும். காசநோயில் அப்படி நடப்பது உண்மைதான். அந்த உண்மையை நம்பிக் காத்திருக்கும் நேரத்தில்தான் லிம்போமா மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் பரவுகிறது. போன வருஷம் திருமலைக்கு அலிபிரிப் படிகளை ஏறி முடித்தவர், இந்த வருஷம் வீட்டு மாடிக்கே மூச்சு வாங்குகிறார்.

இதைவிட மோசம் ஸ்டீராய்டு. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் தாராளமாகக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன், லிம்போமாவுக்கான கீமோவிலேயே ஒரு மருந்து. அதைச் சாப்பிட்டால் கட்டி சில வாரம் சுருங்கும், வீட்டாருக்கு நிம்மதி வரும். அந்த நேரத்தில் எடுத்த சதையில் நோயின் அடையாளமே தெரியாமல் போகலாம்.

ஊசி டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஊசி நாலு செல்லை உறிஞ்சித் தரும், அவ்வளவுதான். நெறி கட்டிய நிணநீர் முடிச்சின் உள்ளமைப்பு எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் லிம்போமாவை உறுதி செய்யவும், அதன் பல வகைகளில் இது எது என்று பிரிக்கவும் முடியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கூடுமானவரை முடிச்சை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்து முடிச்சென்றால் பல நேரம் மரத்துப்போகும் ஊசி போட்டே எடுத்துவிடலாம். 'கத்தி பட்டா பரவிடும்' என்ற பயத்துக்கு இதில் இடமே இல்லை.

எடுத்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. பல ஊர்களில் சதைத்துண்டு போட்ட பாட்டிலை லேபுக்கு எடுத்துப்போவது நோயாளியின் அண்ணனோ கணவரோதான். புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகும் துண்டு ஃபார்மலினில் இருக்க வேண்டும். டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கப் போகும் துண்டு ஃபார்மலினில் விழவே கூடாது, சலைனில் போக வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டால் ஒரு கேள்விக்குப் பதிலே கிடைக்காது. ஃபார்மலினில் வந்த துண்டை மெழுகில் பதித்து பிளாக் செய்வார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து ஸ்லைடில் வைத்து, சிடி20, சிடி30 போன்ற குறிகள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள். எந்த மருந்து என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. விரல்நுனி அளவு மெழுகுக் கட்டிதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கேன் படத்தைவிட அதைத்தான் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும்.

கட்டிக்கெல்லாம் கத்தி எடுத்தால் நாடு தாங்குமா என்று மருத்துவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். எல்லாக் கட்டிக்கும் வேண்டாம், கரையாத கட்டிக்கு எடுக்கலாமே.

இத்தனை வலியுறுத்தக் காரணம், இது குணமாகும் புற்றுநோய் என்பதுதான். ஆரம்ப நிலை ஹாட்ஜ்கின் லிம்போமாவில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்கான ஏபிவிடி கீமோவில் இருக்கும் வின்பிளாஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. மற்ற வகைகளில் அதிகம் காணப்படுவதற்கு 21 நாளுக்கு ஒரு முறை ஆர்-சாப் கீமோ, பெரும்பாலும் ஆறு சுற்று. அதிலுள்ள ரிட்டுக்ஸிமாப் அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. 2007இல் ஹைதராபாத்திலேயே குறைந்த விலையில் தயாராகி வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, 2022 முதல் தனிப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி உள்ள வேலூர் 40 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆகவே வாசகர்களே, நெறி கட்டி நான்கு வாரம் ஆகியும் கரையவில்லை என்றால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: 'டிபி என்று எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? முடிச்சை எடுத்துப் பார்க்கலாமா?' பதில் வரும்வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.