உடல் இல்லாத நினைவிடங்கள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் சாலை பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதிக்குள் நுழைகிறது. சென்னைக் கடற்கரையில் உள்ளவை போன்ற தலைவர் நினைவிடங்களை அங்கே தேடுவோர் காப்பித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் வாழையையுமே காண்பர். ஆயினும், ஆட்சி செலுத்தியவர்களை மக்கள் எங்கே அடக்கம் செய்தனர், எவருடைய உடல் மக்களுக்குக் கிடைக்காமல் போயிற்று, கிடைக்காத உடலுக்கு ஈடாகப் பின்னாளில் எது எழுப்பப்பட்டது என்னும் கேள்விகளை ஆராய்வதற்குத் தமிழகத்தில் இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் விடப் பொருத்தமான நிலப்பகுதிகள் சிலவே உண்டு.

மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே அமைந்துள்ள விருப்பாட்சி ஒரு பாளையத்தின் தலைமையிடமாக இருந்த ஊர். பாளையம் என்பது மதுரை நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்ட ஆட்சிப் பிரிவாகும். அதன் தலைவரான பாளையக்காரர் வரி தண்டுதல், வழக்குத் தீர்த்தல், காவல் புரிதல், போர்க்காலத்தில் படை அனுப்புதல் ஆகிய பொறுப்புகளை ஒருங்கே ஏற்றிருந்தார். ஆகவே அந்நாளைய கிராமப்புறத்தின் அரசியல்வாதி என்று எவரையேனும் சுட்ட வேண்டுமானால் அவரையே சுட்ட வேண்டும். 1772 ஆம் ஆண்டு காளையார்கோவில் போரில் கணவரும் சிவகங்கை மன்னருமான முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார் இந்த விருப்பாட்சியில்தான் புகலிடம் பெற்றார். ஹைதர் அலியின் துணையுடன் 1780 இல் சிவகங்கையை மீட்கும் வரை அவருக்கு அரணாக நின்ற இப்பகுதியின் தலைவராக நினைவுகூரப்படுபவர் கோபால் நாயக்கர்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கம்பெனியின் வரிக்கொள்கையையும் பாளையங்களை ஒடுக்கும் போக்கையும் எதிர்த்த தலைவர்கள் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டபோது கோபால் நாயக்கர் திண்டுக்கல் பகுதியின் தலைமையை ஏற்றார். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய தலைவர்கள், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்குவதென முடிவு செய்தனர். அந்த முயற்சி தோல்வியுற்றது, பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு கோபால் நாயக்கரும் அதே முடிவை எய்தினார். திண்டுக்கல் நகரின் கோபாலசமுத்திரம் குளத்தருகே அவர் தூக்கிலிடப்பட்டார் என்றும், அவர் நினைவாகவே குளம் அப்பெயரைப் பெற்றது என்றும் நகர மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். குளத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. ஆனால் அவர் உடல் கிடக்கும் இடம் என்று அனைவரும் ஒருமனதாகக் காட்டும் ஒரு கல்லறை இல்லை.

எதிரியின் உடலை அவனைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைத்தால் அடக்க இடம் வழிபாட்டிடமாகும், வழிபாட்டிடம் மீண்டும் படை திரளும் இடமாகும் என்னும் அச்சம் அக்காலத்து ஆட்சியாளரிடம் வெளிப்படையாகவே இருந்தது. பழனி மலையின் தென்புற அடிவாரமான பெரியகுளம் அதற்குச் சான்று. மருதநாயகம் என்று அறியப்படும், மதுரையை ஆண்ட கான் சாகிப் யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டபின் அவருடைய உடல் துண்டிக்கப்பட்டு, நடுவுடல் மதுரை சம்மட்டிபுரத்திலும், ஒரு கால் பெரியகுளத்திலும், ஏனைய உறுப்புகள் வேறு ஊர்களிலும் புதைக்கப்பட்டன என்பது நெடுநாளைய வழக்கு. ஓர் ஆட்சியாளரை ஒரே இடத்தில் நினைக்கவும் மக்களுக்கு வாய்ப்பளிக்கக் கூடாது என்று கருதிய தண்டனை இது. ஆயினும் 1808 இல் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்க இடத்தின்மேல் பள்ளிவாசல் எழுந்தது. கான் சாகிப் பள்ளிவாசல் என்ற பெயருடன் அது இன்றும் நிற்கிறது. கொன்றவர்கள் அஞ்சியது நடந்தே தீர்ந்தது.

ஏனைய பாளையக்காரர்களின் நினைவும் அவர்கள் மறைந்த இடங்களையே பற்றி வளர்ந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு அவர் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கயத்தாறிலேயே, நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி 1970 இல் சிலை எழுப்பினார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களுக்கு மட்டும் காளையார்கோவிலில் கோயிலுக்கு எதிரே சமாதி அமைந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் நடைபெறும் குருபூசைக்கு இன்றும் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். உடல் உள்ள இடத்துக்கும் உடல் இல்லாத இடத்துக்கும் மக்கள் மனத்தில் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதைக் காளையார்கோவிலையும் விருப்பாட்சியையும் ஒப்பிடுவோர் உணரலாம்.

விருப்பாட்சியில் தமிழக அரசு கோபால் நாயக்கருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. மணிமண்டபம் என்பது சமாதியன்று. சமாதியில் உடலோ அஸ்தியோ இருக்கும். மணிமண்டபத்தில் சிலையும் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் மட்டுமே இருக்கும். காலம் கடந்த மரியாதை என்றாலும் இது தேவையான மரியாதையே. ஆனால் அத்தகைய மண்டபம் அவருடன் நின்ற சாதாரண வீரர்களையும், அவர்களுக்கு அரணாக இருந்த மலையையும், மலைமக்களையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் முழுமை பெறும். தலைவரின் சிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாலையிடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. விருப்பாட்சி என்ற பெயரைத் தமிழகம் எங்கும் கொண்டு சேர்ப்பது இந்த மலைச்சரிவில் விளைந்து புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைதான். அந்தப் பழத்தை வாங்குவோரில் பலர் ஊரின் போர் வரலாற்றை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. தலைவரின் உடலை மக்களிடமிருந்து மறைத்த ஆட்சியின் இடத்தில், தலைவரின் உடலையே தன் அடையாளமாகக் கொண்ட ஆட்சி வந்தது. காந்தி அஸ்தி நினைவாகக் கன்னியாகுமரியில் 1956 இல் மண்டபம் எழுந்தது. காமராசர் தகனம் செய்யப்பட்டுக் கிண்டியில் நினைவிடம் பெற்றார். 1969 இல் அண்ணாவும் 1987 இல் எம்.ஜி.ஆரும் 2016 இல் ஜெயலலிதாவும் சென்னைக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டனர். 2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதிக்கு அங்கே இடம் வேண்டி உயர் நீதிமன்றம் வரை வழக்கு சென்றது ஒன்றே, ஓர் அடக்க இடம் அரசியலில் எத்தகைய எடையைப் பெற்றுவிட்டது என்பதைக் காட்டும். ஊர்ப்புறத் தலைவர்களின் நிலை வேறு. சொந்தத் தோட்டத்திலேயே குடும்பத்தாரை அடக்கம் செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனினும் 1999 ஆம் ஆண்டின் கிராம ஊராட்சி விதிகள் உரிமம் பெற்ற இடுகாடு, சுடுகாடு தவிர்ந்த இடங்களில் அடக்கம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றன. கோடைக்கானலில் 1960களில் காவலில் வைக்கப்பட்ட காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவின் பெயரை அவர் தங்கியிருந்த கோஹினூர் மாளிகை இன்றும் தாங்கி நிற்பதும் ஒருவகை நினைவிடமே; அவருடைய கல்லறையோ ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் உள்ளது.

இந்த மலையின் மிகப் பழைய நினைவிடங்கள் மண்டபங்களுக்கும் பாளையங்களுக்கும் மிக முந்தியவை. தாண்டிக்குடி, பெரும்பாறை உள்ளிட்ட கீழ்மலைப் பகுதிகளில் கல்திட்டைகள் பரவிக் கிடக்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அவற்றின்மேல் பெருங்கல்லை மூடியாக வைத்து அமைத்த பெருங்கற்கால ஈமச்சின்னமே கல்திட்டை. இறந்தவரின் எலும்புகளைப் பின்னர் சேகரித்து வைக்கவோ, உடலை வைக்காமல் நினைவுக்காக மட்டுமோ இவை எழுப்பப்பட்டிருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். செம்பகனூர் இயேசு சபையின் குருவான ஆங்கிலேட் அடிகளார், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928 இல் வெளியிட்டது. இத்தனை பெரிய கற்களை மலைச்சரிவில் நகர்த்த ஓர் ஊரே உழைத்திருக்க வேண்டும். அத்தகைய உழைப்பைத் திரட்டக்கூடியவர் அந்த மக்களின் தலைவராகவோ தலைவரின் குடியைச் சேர்ந்தவராகவோ இருந்திருப்பார் என்று எண்ணுவது பொருத்தமானதே. பழனிப் பகுதியை ஆண்ட ஆவியர்குடி வேளிர் தலைவன் பேகனும், கோடைமலைத் தலைவனாகப் புறநானூறு குறிப்பிடும் கடிய நெடுவேட்டுவனும் வாழ்ந்த நிலம் இது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வு, இத்தகைய ஈமச்சின்னங்கள் தலைமைக் குடியினருக்கு எழுப்பப்பட்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. அங்குள்ள ஓர் ஈமச்சின்னத்தில் பானை நிறைய நெல்லும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் அறிவியல் முறையில் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இறந்தவருக்கு நெல்லையும் எழுத்தையும் துணையாக வைத்த ஒரு சமுதாயம் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்த அடிவாரத்தில் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெயர் பொறித்து நினைவுகூரும் வழக்கமும் அருகிலேயே காணப்படுகிறது: ஆண்டிபட்டி வட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனை அவன் பெயராலேயே குறிக்கிறது.

அந்தவனின் கல்லைக் காக்க முடிந்தது. கல்திட்டைகளில் பல சிதைந்து வருகின்றன. புதையல் இருக்கும் என்ற மூடநம்பிக்கையில் மூடுகல்லைப் புரட்டுவோரும், வேலிக்கும் கட்டடத்துக்கும் பலகைக்கற்களைப் பெயர்ப்போரும், தோட்டத்தை விரிவாக்கும்போது அவற்றை ஒதுக்கித் தள்ளுவோரும் அவற்றுக்குக் கேடு செய்கின்றனர். தம் தலைவருக்குக் கல்லறை அமையவிடாமல் தடுத்த ஆட்சியை இன்று குறை கூறுவோர், கல்லறை அமைந்த முன்னோரின் கற்களைத் தாமே பெயர்க்கலாகாது. தோட்ட உரிமையாளர்கள் தம் நிலத்தில் உள்ள கல்திட்டைகளைக் கைதொடாமல் விட வேண்டும். ஊராட்சிகள் அவற்றைப் பட்டியலிட்டு வருவாய்த் துறைக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அரசு ஒவ்வொரு தொகுதியையும் முறையாக அளந்து, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து, விருப்பாட்சி மணிமண்டபத்திலேயே அவற்றுக்கான விளக்கப் படங்களையும் வைக்க வேண்டும்.